சிவப்புக் கோட்டுக்குத் தூக்கிய கை

பள்ளிக்கூட ஹாலில் பெரிய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். நகரத்து ரயிலை இந்தப் பக்கம் நீட்ட மூன்று வழி. நீலக் கோடு நெடுஞ்சாலையோடு போனது. அந்த ஸ்டேஷனுக்குப் போகவே இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். பச்சைக் கோட்டில் இந்த ஊரே இல்லை. சிவப்புக் கோடு மட்டும் ஊருக்குள் புகுந்து தையல்காரியின் வீட்டுப் பக்கத்தில் வந்து நின்றது. ஆனால் அவள் தம்பியின் வெல்டிங் பட்டறை மேல் ஏறித்தான் அது வர முடியும்.

தையல்காரியின் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். தம்பிதான் பட்டறை வேனில் கூட்டிப்போவான். ஊரில் அவனுக்குப் 'பொறி' என்று பட்டப்பெயர், தொழிலுக்கும் சேர்த்து, கோபத்துக்கும் சேர்த்து. வழியெல்லாம் முணுமுணுப்பான், வராமல் மட்டும் இருந்ததில்லை. அந்த முணுமுணுப்பு அவளை அரித்தது. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறதே, எத்தனை காலம் அவனுக்குப் பாரமாக இருப்பது என்று நினைத்தாள்.

கருத்துக் கேட்கும் கூட்டத்தில் தம்பி முதலில் எழுந்தான். சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டை.

"எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு தொழில்தாங்க. பட்டறை போனா என் குடும்பம் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

ஹாலில் பாதிப்பேர் நீலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அப்போதுதான் அவள் எழுந்தாள். புருஷனின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பைக் காட்டினாள்.

"இந்தக் கையோட இவரு இன்னும் எத்தனை நாள் ரோட்டுல குலுங்குறது? பக்கத்துலயே ரயில் வந்தா நாங்க யாருக்கும் பாரமா இருக்க மாட்டோம்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். அதைப் பார்த்து ஹாலே தூக்கியது. தம்பி திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கையை இறக்கவில்லை.

அரசாங்கக் காரியம் ஆமை வேகம் என்பார்கள்; இடிப்பதில் மட்டும் அந்தக் குறை கிடையாது. பட்டறை ஒரே காலையில் தரைமட்டமானது. அப்புறம்தான் நிதி போதவில்லை என்று திட்டத்தைக் காலவரையின்றித் தள்ளிவைத்தார்கள். வேறு இடத்து வாடகை கட்டுப்படியாகாமல் தம்பி வேனை விற்றான். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளைக் கேள்விப்பட்டிருக்கிறோம், இவள் ரயிலை நம்பித் தம்பியைக் கைவிட்டாள் என்று ஊர் பேசியது. கை தூக்கிய அதே ஊர்தான்.

இப்போது பஸ்தான் கதி. பட்டறை இருந்த காலிமனைக்கு முன்னால் நிறுத்தம். அன்று காலை புருஷனுக்குக் கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. எப்படியோ ஏற்றிவிட்டாள். உள்ளே நிற்கவும் இடமில்லை.

"யாராவது கொஞ்சம் எழுந்திரிங்களேன்" என்றாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள்.

பின் இருக்கையிலிருந்து ஒருவன் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தம்பி. நகரத்தில் யாருடைய பட்டறையிலோ கூலிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள், பார்த்து மாதங்களாகிவிட்டன.

"வாங்க மாமா, உட்காருங்க." தோளைத் தாங்கிக் கூட்டிப்போய் உட்காரவைத்தான்.

"நீ நிக்கிறியே மாப்ளே."

"எனக்குப் பழகிடுச்சு மாமா."

"தம்பி" என்றாள் அவள். அவன் திரும்பவில்லை. பஸ் குலுங்கியது. விழாமலிருக்க அவள் கையைத் தூக்கி மேல்கம்பியைப் பிடித்தாள். அவன் அந்தக் கையை ஒருமுறை பார்த்தான். பிறகு நகர்ந்து போய்ப் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டான்.