டிராக்டருக்கு அடியில் இருக்கும் வயல்

1

இந்தக் கதை ஒரு பஞ்சிலிருந்து வந்தது. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் ஸ்மராண்டா, குச்சியில் சுற்றிய பஞ்சை என்னிடம் நீட்டினாள். அது சிவந்திருந்தது. ஒரு படத்தில் இருந்த டிராக்டரின் சக்கரம் கரைந்து வந்துவிட்டது என்றாள். அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "1952, இலையுதிர் காலம். சிரேத் ஆற்றின் மேல் மூடுபனி மெல்ல..."

(வேண்டாம். மூடுபனியில் தொடங்கினால் படம் அழகாகத் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாது.)

எப்படி என்றால், அந்தப் படத்தின் ஓவியர் ஒக்தாவ் பிரின்டியா முதலில் வரைந்தது ஆற்றங்கரை வயல்களை மட்டும்தான். குடும்பத்துக்கு ஒரு துண்டு, நாடா போல நீளமாக, இடையிடையே புல் வரப்பு. அப்போது எல்லோருடைய நிலத்தையும் அரசு ஒன்றாகச் சேர்க்கும் கூட்டுப்பண்ணைகள் வந்துகொண்டிருந்தன. கண்காட்சிக்கு முன் படங்களைப் பார்வையிடும் குழுவுக்கு வரப்பு பிடிக்காது, டிராக்டர் பிடிக்கும். ஓவியர்கள் டிராக்டரைச் சேர்த்தார்கள். பிரின்டியாவும் சேர்த்தார். ஆனால் அதற்கு முன் படம் முழுக்க வார்னிஷ் பூசிக் காயவிட்டார்! அடியில் உள்ள வண்ணம் இறுகிவிடும். வார்னிஷோ, துடைக்கும் மருந்து பட்டால் இளகும்; இளகும்போது தன்மேல் இருப்பதையும் கூட்டிக்கொண்டு வரும். ஆக, என்றாவது ஒருவர் துடைக்கட்டும் என்றே அந்த டிராக்டரை வரைந்திருக்கிறார்.

(கதையை இங்கேயே முடித்திருக்கலாம். லுக்ரேசியா வந்துவிட்டார்.)

3

இவர் சொல்வதில்தான் எனக்குச் சந்தேகம். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் வந்து இந்தப் படத்தின் முன் நிற்பார். டிராக்டர் ஓட்டுகிறவர் தன் அப்பா தோதெர் என்பார். இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். புகைப்படம் எதுவும் இல்லை. படத்தில் இருப்பதோ நகக்கண் அளவு ஆள், முகமே கிடையாது. ஆனால் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். போரில் வலது இடுப்பில் குண்டு பட்ட தோதெரும் அப்படித்தான் உட்காருவாராம்.

தூரிகை சறுக்கியிருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அழியப்போகும் ஆளை இவ்வளவு கவனமாக ஏன் சாய்க்க வேண்டும்?

4

ஸ்மராண்டா ஓவியரின் விருப்பத்தை லுக்ரேசியாவுக்குப் பொறுமையாக விளக்கினாள். சக்கரம் இருந்த இடத்தில் இப்போது வரப்புகள் தெரிந்தன. லுக்ரேசியா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்த வயல்ல ஒண்ணு எங்க தாத்தாவோடது. அப்பாதான் பண்ணைக்காக அதையும் சேத்து உழுதாரு. ஊரே எங்க வாசல்ல துப்பிட்டுப் போச்சு, கண்ணு. தாத்தா கடைசிவரைக்கும் அவரோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடல."

"அப்ப எடுத்துடட்டுமா, அத்தை?"

"டிராக்டர எடுத்துக்கோ. அவர விட்டுடு."

"அந்தரத்துல உக்காந்திருப்பாரே."

"உக்காரட்டும். தரையில உக்காந்தப்ப மட்டும் யாரு இடம் குடுத்தா?"

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியவள் ஸ்மராண்டா.

5

துடைத்துவிட்டால் பிரின்டியா எழுபது வருடம் காத்திருந்தது நடக்கும். லுக்ரேசியாவின் அப்பா பஞ்சோடு குப்பைக்கூடைக்குப் போவார்.

துடைக்காவிட்டால் அந்தக் குழு இன்னொரு முறை ஜெயிக்கும்.

ஆளை மட்டும் விட்டால், வயலுக்கு மேலே காற்றில் ஒருவர், யாருடைய வரப்பையும் தொடாமல்... பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வரப்புகளை அழித்த அவர் செயலும் மறைந்துவிடும். அது நியாயமா என்று எனக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை.)

எழுத்தில் அடித்ததைத் திரும்ப எழுதலாம். படத்தில் துடைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் என் இடத்தில் உட்காருங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். லுக்ரேசியாவை அறையை விட்டு அனுப்ப எவ்வளவோ எழுதிப் பார்த்தேன். அவர் போகவில்லை. படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஞ்சு பிடித்த உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.