குடும்பஸ்தர் பக்கத்து வானம்

தேசிய தினத்தன்று அந்த நாட்டில் பேச்சிலர்களுக்கு வானம் கிடையாது. குடும்பம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். பேச்சிலர்களுக்குக் கடற்கரைக்கு இந்தப் பக்கம், தகரக் கூரைக்கு அடியில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் தகரம் தெரியும். சத்தம் கேட்டதும் கைதட்டலாம். அதற்குத் தடை இல்லை.

பேச்சிலர் என்றால் யார்? கூட வந்து நிற்கப் பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன். சங்கரன்கோவிலில் ஊரறியத் தாலி கட்டியவனாக இருந்தாலும் சரி, இங்கே வந்து இறங்கிவிட்டால் பேச்சிலர். எவன் மூளையில் உதித்த சட்டமோ, அவன் விளங்கவே மாட்டான்.

அய்யாத்துரை மூன்று வருஷமாக அங்கே பேச்சிலர். சாரம் கட்டுகிற வேலை. குடும்பஸ்தர்கள் உட்கார்ந்து விமான சாகசம் பார்க்கிற படிக்கட்டு மேடையை அவனும் அவன் கூட்டாளிகளும்தான் கட்டினார்கள். பதினொரு நாள் வெயிலில் நின்று ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார்கள். அந்தப் பதினொரு நாளும் அவர்கள் தலைக்கு மேலே வானம் இருந்தது. அப்போது யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை.

அவன் மகள் தர்ஷிகாவுக்கு நாலு வயது நடக்கிறது. அவன் கடைசியாகத் தூக்கியபோது அவள் எட்டு மாதக் குழந்தை. அதற்கப்புறம் லீவு மூன்று தடவை தள்ளிப்போனது. ஏரோப்பிளேன் கலர்ப் புகை விடுவதைப் போனில் காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அதனால் சாயங்காலம் நாலு மணிக்கு நேராகக் குடும்ப வாசலுக்குப் போனான்.

வாசலில் நின்ற காவலாளி வள்ளியூர்க்காரன். பெயர் அருள்மணி. கேம்ப்பில் அய்யாத்துரைக்கு மேல் கட்டிலில் படுப்பவன். இன்று மஞ்சள் சட்டை போட்டிருந்ததால் அவனுக்கு அய்யாத்துரையைத் தெரியவில்லை.

"பேமிலி எங்க?"

"ஏல அருளு, நாந்தாம்ல."

"பேமிலி எங்கன்னு கேட்டேன்."

"ஊர்ல."

"அப்ப வானமும் ஊர்லதான்."

அய்யாத்துரைக்குச் சுர்ரென்று ஏறியது. போனில் மனைவி மாரிக்கனியை அழைத்து, திரையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான். "பாருல. இதாம்ல எம்பொண்டாட்டி. இது எம்பிள்ள. கண்ண நல்லாத் தொறந்து பாரு."

அருள்மணி பார்த்தான். "சரி. எறங்கி வரச் சொல்லுங்க."

மாரிக்கனி இறங்கினாள். முதலில் ஒரு காலைப் போனுக்கு வெளியே வைத்தாள். பிறகு அடுப்பை அணைக்க உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள், கையில் கரண்டி இருந்தது. போன் ஒரு கை அகலம்தான். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்றார்கள்.

"என்ன இம்புட்டு மெலிஞ்சு போயிட்டிய?" என்றாள் மாரிக்கனி.

அய்யாத்துரை பிள்ளையை வாங்கக் கையை நீட்டினான். அருள்மணி நடுவே கயிற்றை இழுத்துக் கட்டினான்.

"பேமிலி உள்ள போலாம். நீங்க தகரத்துப் பக்கம் போங்க."

"அது எம்பேமிலில!"

"அவங்க பேமிலி. நீங்க பேச்சிலர். அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு."

"மூணு வருசமா என் தலைக்கு மேல படுத்துக் கொறட்ட விடுத. எம்பிள்ள போட்டோவுக்குத் தெனமும் குட்மார்னிங் சொல்லுத. இப்பத் தெரியலையோ ஒனக்கு?"

"டூட்டில இருக்கேன் அண்ணாச்சி."

அண்ணாச்சியாம்! அந்த ஒரு வார்த்தைக்கே அவனை அறைந்திருக்கலாம். அய்யாத்துரை கயிற்றைப் பிடித்து உலுக்கினான். கயிறு நீண்டுகொண்டே போனது. அவன் ஒரு அடி வைத்தால் மாரிக்கனி இரண்டடி தள்ளி நின்றாள்.

"பிள்ள சொன்னாப் போதும்," என்றான் அருள்மணி. தர்ஷிகாவிடம் குனிந்தான். "பாப்பா, இது யாரு?"

தர்ஷிகா மேலும் கீழும் பார்த்தாள். அவனுடைய கால்களையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா போன்லதான் இருப்பாங்க."

"அப்பாதாம்ட்டி அது!" மாரிக்கனி பதறினாள். "போன்லேர்ந்து வெளிய வந்திருக்காவ."

"இல்ல. நம்மதான் வெளிய வந்தோம்."

அருள்மணி அதை எழுதிக்கொண்டான். "அப்பாவுக்கு அனுமதி உண்டு," என்றான். "போன்ல. ஏறுங்க அண்ணாச்சி."

"ஏறமாட்டேன். மேடையக் கட்டுனது நானுல! ஒரு தடவ எம்பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருதேன். ஒரே தடவ. நாசமாப் போறவனுவளா, ஒரே தடவ!"

இன்னும் இரண்டு மஞ்சள் சட்டைக்காரர்கள் வந்தார்கள். முதலில் அவன் தலையைப் போனுக்குள் விட்டார்கள். தோள் இடித்தது. பைப்பைச் சொருகுகிற மாதிரிக் கொஞ்சம் சாய்த்துச் சொருகினார்கள். அப்புறம் கால்கள் சுலபமாகப் போயின. உள்ளே அவனுடைய கட்டில் இருந்தது. அதன்மேல் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

தர்ஷிகா போனைக் கையில் வாங்கினாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பா!"

"செல்லம். எந்தங்கம்." அவன் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுத்தினான். அவளுடைய மூக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கண்ணாடி சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் படிக்கட்டு மேடையில் ஏறி உட்கார்ந்தார்கள். மேடை அசையவில்லை. விமானங்கள் வந்தன. தர்ஷிகா போனை மேலே திருப்பினாள்.

"அப்பா, பாருங்க, ஏரோப்பிளேன்!"

முழு வானமும் அவனுக்குக் கிடைத்தது. சிவப்புப் புகை போனது. பச்சைப் புகை போனது. அவற்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"எனக்கு எதுக்குட்டி இந்த எளவு வானம்? திருப்பு. என்னைய ஒம்பக்கம் திருப்பு. ஒம்மூஞ்சியப் பாக்கணும்." அவன் இரண்டு முஷ்டியாலும் வானத்தைக் குத்தினான்.

மேடையில் எல்லாக் குடும்பங்களும் கைதட்டின.

"அப்பா ஏதோ கத்துறாங்கம்மா," என்றாள் தர்ஷிகா.

"சந்தோசத்துல கத்துவாவ. நல்லாத் தெரியுதான்னு கேளு."

தர்ஷிகா எழுந்து, எம்பி நின்று, இரண்டு கையாலும் அவனை இன்னும் உயரமாகத் தூக்கிப் பிடித்தாள்.