ரோஜாலி அண்ணன் இரண்டாம் முறை செத்தது

ரோஜாலி அண்ணன் முதல் முறை செத்ததை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். இரண்டாம் முறை செத்தபோது ஒருவரும் நம்பவில்லை.

முதல் சாவை எழுதியவன் நான். இணையத்தில் நாங்கள் வெளியிடும் 'முட்டுச்சந்து' என்ற நகைச்சுவைத் தொடரில் எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு எல்லாவற்றுக்கும் ஜாயாதி என்று என் பெயரைப் போட்டுக்கொள்வேன். உள்ளபடி நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவன். நடிகர்கள் எங்கள் சந்துக்காரர்கள். வாடகை மோட்டார்சைக்கிள் ஓட்டும் ரோஜாலி அண்ணன்தான் நாயகன்.

ஒரு பாகத்தில், தனக்காக யார் அழுவார்கள் என்று பார்க்க அவர் செத்தவர்போல் படுப்பார். ஒருவரும் வரமாட்டார்கள். மேலே போர்த்திய பாத்திக் துணி குட்டை என்பதால் கால் கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் தெம்பே என்ற சோயாப் பலகாரம் பொரிக்கும் வாசனை வந்ததும் விரல் மெல்ல ஆடும். அவ்வளவுதான். ஜகார்த்தாவே அந்த விரலுக்குச் சிரித்தது. விளம்பரத்துக்காகப் படம் எடுத்த அன்றே அவர் படத்துக்குக் கறுப்புக் கட்டம் போட்டுத் துக்கச் செய்தி விட்டதும், சந்து முனையில் சாவுக்கு அடையாளமான மஞ்சள் கொடி கட்டியதும், மசூதி ஒலிபெருக்கியில் சாவு அறிவிக்க வைத்ததும் என் மூளைதான். அழுதுகொண்டு ஓடிவந்தவர்கள் என்னை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், வீட்டைக் கடந்துபோகிறவர்களாக அவர்களையும் படத்தில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஒரு விடியற்காலை, தொழுகைக்கு எழுந்த ரோஜாலி அண்ணன் குளியலறை வாசலில் விழுந்தார். மறுபடி எழவில்லை.

நான் போனபோது ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் அழகாக விழுந்திருந்தது. எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், பேருந்துக்கு நிற்பதுபோல.

"நீ எடுத்ததுல யாருமே வரல இல்ல?" என்றார் அவர் மனைவி சானி அக்கா.

"அது கதைக்கா."

"அவரு அப்பவே கேட்டாரு. நெசமா செத்தா வருவாங்களாடின்னு. எல்லாரும் வருவாங்கன்னு சொல்லிட்டேன்." அக்கா துணியைக் கீழே இழுத்து விட்டார். "ஆளுங்களக் கூட்டிட்டு வா ஜாயாதி. அவரு சந்தேகப்பட்டது சரின்னு ஆயிரக் கூடாது."

சந்து முனையில் மஞ்சள் கொடி கட்டினேன். தொடரின் பக்கத்தில் செய்தி போட்டேன். 'ரெண்டாவது பாகமா, சூப்பர்' என்றார் ஒருவர். 'இந்தத் தடவ விரலை நல்லா ஆட்டச் சொல்லுங்க' என்றார் இன்னொருவர். 'இது உண்மை' என்று பதில் எழுதினேன். சிரிக்கும் மூஞ்சிகள் அதற்குத்தான் அதிகம் விழுந்தன.

மசூதியில் பாங்கு சொல்பவர் நயிமின்; சாவை அறிவிக்கச் சொன்னதும் ஒலிபெருக்கிக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"போன தடவ வாங்கின திட்டு இன்னும் காதுல கெடக்கு. ஓடிப் போயிரு."

"சத்தியமா நெசம்ணே."

"நீ நெசம்னு சொன்னாலே எனக்குச் சிரிப்பு வருது. போ, அவரே எந்திரிச்சு வந்து உன்ன ஒதைப்பாரு."

தெருத்தலைவர் மர்ஹாலி கண்ணாடி முன்னால் நின்று மீசையை வாரிக்கொண்டிருந்தார். கொடியைப் பார்த்துவிட்டார்.

"எத்தன மணிக்கு ஷூட்டிங்? போன தடவ என் முதுகத்தானடா காட்டின."

வாயைத் திறந்தேன். நிஜம் என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல் நைந்துபோயிருந்தது.

"இந்தத் தடவ மூஞ்சி நல்லாத் தெரியும்ணே," என்றேன். "எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

வந்தார்கள். பெருநாள் சட்டையும் புதுத் தலைத்துணியுமாக வீடு நிறைந்து வாசலுக்கு வழிந்தார்கள். ஒரு அம்மா கண்ணில் தேய்க்க வெங்காயம் கொண்டுவந்திருந்தார். மர்ஹாலி தோளில் ஜரிகைத் துண்டு.

"கேமரா எங்கடா?"

"ஒளிச்சு வெச்சிருக்கேன்ணே."

அவர் முழங்கையால் என்னை இடித்துவிட்டு, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஓத ஆரம்பித்தார்கள். நடிப்பு என்றாலும் வேதத்தைத் தப்பாக ஓத யாருக்கும் வராது. சானி அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அப்போது பக்கத்து வீட்டில் தெம்பே பொரித்தார்கள்.

வாசனை உள்ளே வந்ததும் ஓதல் தயங்கி நின்றது. எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். கட்டைவிரல் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதே துணி. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம். நானும் விரலைத்தான் பார்த்தேன். எழுதியவனுக்கே ஒரு நப்பாசை.

விரல் ஆடவில்லை.

மர்ஹாலி நகர்ந்துபோய் அதைத் தொட்டார். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு தோளிலிருந்த ஜரிகைத் துண்டை எடுத்து அந்தப் பாதங்களை மூடினார்.

"நயிமினுக்குச் சொல்லி அனுப்புங்க," என்றார், யாரையும் பார்க்காமல். "நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஓதல் மறுபடி தொடங்கியது. இம்முறை மெதுவாக. ஒருவரும் எழுந்துபோகவில்லை. வெங்காயம் பாயில் உருண்டு கிடந்தது.

"என்னன்னு சொல்லிக் கூப்பிட்ட?" சானி அக்கா என் காதருகில் கேட்டார்.

"ஷூட்டிங்னு."

அக்கா வாசல்வரை நிறைந்திருந்தவர்களைப் பார்த்தார். "சரி விடு. வந்துட்டாங்க இல்ல," என்றார்.

மதியத் தொழுகை முடிந்து தூக்கினார்கள். பாடையின் முன்கம்பு மர்ஹாலி தோளில். சந்து வளைவில் வெயில் நேராக அவர்மேல் விழுந்தது. மீசை நனைந்திருந்தது. நான் வாக்குக் கொடுத்தபடியே முகம் நன்றாகத் தெரிந்தது. கைப்பேசியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.