ஜானட்டு வண்டியோட எடை

ராயபுரத்து ஜானட்ட உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். ஸ்கூல் வேன் ஓட்றா. காலைல ஏழு மணிக்கு காலடிப்பேட்டைல எங்க வூட்டு முனைல வந்து நிப்பா. என் பொண்ணு எழில்மொழியோட சேத்து பதினெட்டுப் பசங்க. இருவது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போவ மாட்டா. டிரைலர்காரன் பின்னாலயே ஹாரன் அடிச்சினு வருவான், இவ காதுலயே வாங்க மாட்டா. பசங்க எல்லாம் கடல் பாக்கறேன்னு ஒரே ஜன்னல் பக்கம் குந்திகினா, வேன ஓரங்கட்டி, ரெண்டு பேர இந்தாண்ட மாத்திக் குந்த வெச்சுட்டுத்தான் எடுப்பா. அத்த தெரிஞ்சுக்க அவ பின்னால திரும்பிக்கூட பாக்கறதில்ல. வண்டி ஒரு பக்கமா சாயறது இடுப்புலயே தெரியுதாம். இது இன்னாடா பேஜாரு, ஸ்கூலுக்கு லேட்டாவுதேன்னு நானே ஆரம்பத்துல கத்திகீறேன்.

அதே ஜானட்டு ஞாயித்துக்கெழமை ஆனா, எண்ணூர் பக்கம் காலியா கெடக்கிற ஒரு கண்டெய்னர் யார்டுல தன்னோட பழைய ஜென் கார வெச்சுகினு ரேசு ஓட்றா. ஆட்டோகிராசுன்னு பேரு. ஒருத்தன ஒருத்தன் இடிச்சுகினு முந்துறது இல்ல. ஆரஞ்சு கலர் கோன நெறைய நட்டு, வளைச்சு வளைச்சு வழி போட்டு, ஒவ்வொரு வண்டியா உடுவாங்க. யாரு கொறைஞ்ச நேரத்துல வராங்களோ அவங்க கெலிச்சாங்க. கோன தட்டினா ரெண்டு செகண்டு கூட்டிப் போடுவாங்க. ரோட்டு வண்டிக்குன்னு தனிப் பிரிவு கீது. அதுல ஓட்ற வண்டில நம்பர் பிளேட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் இருந்தே ஆவணும்.

அந்தப் பிரிவுல முப்பது வண்டிதான் சேத்துப்பாங்க. வெளிய நூறு பேரு காத்துகினு கீறான். அதனால மூணு மீட்டுக்குள்ள, அதான் மூணு ஞாயித்துக்கெழமை பந்தயத்துக்குள்ள, ஐம்பத்திரண்டு செகண்டுக்குக் கீழ வரலன்னா பேர எடுத்துடுவாங்க. ஜானட்டு ரெண்டு மீட்டு ஓட்டிட்டா. மொதல்ல ஐம்பத்தி நாலு, அப்பால ஐம்பத்தி மூணு. மூணாவதுல வரலன்னா அவ்ளோதான், மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.

ஏம்மா உனக்கு இந்த வேலைன்னு ஒரு நாள் வேனாண்ட நின்னு கேட்டேன். அவ சிரிக்காம பதில் சொன்னா.

"வாரம் பூரா ஊரான் பசங்களுக்காக மெதுவா ஓட்றேன்ணே. அந்த ஒரு நிமிஷந்தான் எனக்குன்னு கீது."

எனக்கு ஒரு மாதிரி ஆயிட்ச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவளுக்கு நம்மால ஆனத செய்யணும்னு.

நான் யாருன்னு சொல்லலியே. என் பேரு அப்பாவு. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல எடை மேடை என் கைல கீது. பதினேழு வருஷம். எனக்கு வாயி ஜாஸ்தி, ஒத்துக்கறேன். கோவம் வந்தா பெரியவன் சின்னவன் பாக்க மாட்டேன். ஆனா எடைல ஒரு கிலோ தப்பு என் கையால ஆனதில்ல. ரெண்டு யாவாரிக்குள்ள தகராறுன்னா, அப்பாவு போட்ட சீட்டு இன்னா சொல்லுதுன்னுதான் கேப்பாங்க.

கார் வேலைய ரஷீது பாத்துகினான். தண்டையார்பேட்டைல மெக்கானிக், நமக்கு தோஸ்து, என்ன மாமுன்னுதான் கூப்புடுவான். ஒரு மாசம் அந்த வண்டிய போட்டு நோண்டினோம். பின் சீட்டுக்கு அடியில இருந்து ஒரு ஜெபமாலை, உடைஞ்ச குடை, ரெண்டு படி மணலு வந்துது. புது பிரேக் பேடு போட்டான். நூல் கட்டி, டேப்பு புடிச்சு, முன் சக்கரம் ரெண்டும் நேரா கீதான்னு பாத்தான். டயரு ஓரத்துல சாக்பீசால கோடு போட்டு, ஓட்டிட்டு வந்தப்புறம் எதுவரைக்கும் அழிஞ்சிருக்குன்னு பாத்து காத்த ஏத்தி இறக்கினான்.

அப்பதான் ஜானட்டு யாருன்னு எனக்குப் புரிஞ்சுது. ஒரு ரவுண்டு போயிட்டு வந்து, முன்னால ரெண்டு பவுண்டு காத்து இறக்குன்னு சொல்லுவா. ரஷீது கேஜ வெச்சுப் பாத்தா கரெக்டா அத்தினிதான் ஜாஸ்தியா இருக்கும். ஒரு தபா அவன் காத்தயே தொடாம, இறக்கிட்டேன்னு டபாய்ச்சான். அவ போயி ஒரு வளைவு வளைச்சுட்டுத் திரும்பி வந்து, ஒண்ணுமே பண்ணலியேப்பான்னு கேட்டா. ரஷீது தலைல கைய வெச்சுகினான். மெய்யாலுமே சொல்றேன், இந்த மாதிரி ஆள நான் பாத்ததில்ல.

எடை போடலாம்னு சொன்னது நான்தான். வண்டி ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும்னு ரஷீது சொன்னான். எடைன்னா அப்பாவு இல்லியா? லீவு நாளு பாத்து நாலு கடைல சொல்லி, நாலு எலக்ட்ரானிக் தராச வாங்கினேன். தகடு சொருகி நாலையும் ஒரே மட்டமாக்கினேன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தராசு. ஜானட்டு மெள்ள ஓட்டி ஏத்தினா. ஏறினதும் பழக்கப்படி கத்தினேன்.

"டிரைவர் இறங்கு!"

இறங்கி தள்ளி நின்னா. கியர்பாக்ஸ் கீற எடது பக்கம் முந்நூத்து எண்பத்தொண்ணு, வலது பக்கம் முந்நூத்து ஐம்பத்து மூணு. ஸ்டெப்னியும் ஜாக்கியும் பின்னால எடது மூலைல கெடந்துது. ரஷீது அத்த எடுத்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால வலது மூலைல வெச்சு போல்ட்டு போட்டு இறுக்கினான். இந்தப் பக்கம் முந்நூத்து அறுபத்தேழு, அந்தப் பக்கமும் முந்நூத்து அறுபத்தேழு. ஒரு கிலோ வித்தியாசம் இல்ல. நான் அங்கியே ஒரு ஆட்டம் போட்டுட்டேன். போன்ல போட்டோ எடுத்து மார்க்கெட்டு பூரா காட்னேன்.

மூணாவது மீட்டு வந்துது. ஜானட்டு சர்ச்சுல மொத பூசைய பாத்துட்டு, நேரா யார்டுக்கு வந்துட்டா. ஆளுக்கு மூணு ஓட்டம். அதுல எது நல்ல நேரமோ அது கணக்கு.

மொத ஓட்டம். வலது வளைவு எல்லாம் ஷோக்கா வளைச்சா. எடது வளைவு வந்தா மட்டும் உள்பக்கத்து முன் சக்கரம் தரைய புடிக்காம சொம்மா சுத்திச்சு. புகை வந்துது, வண்டி நகரல. ஐம்பத்தி மூணு புள்ளி ரெண்டு. வந்து நின்னதும் கண்ணாடிய இறக்கி, வண்டி என் பக்கமா கனமா கீதுண்ணே, வேன்ல பசங்க எல்லாம் ஒரே ஜன்னல்ல குந்திகினா மாதிரி கீதுன்னு சொன்னா.

எனக்கு எங்கிருந்துதான் அவ்ளோ கோவம் வந்துதோ. என் எடைய தப்புன்றியான்னு ஆரம்பிச்சேன். போன எடுத்து போட்டோவ அவ மூஞ்சிக்கு நேரா காட்னேன். தராசுல தப்பு இல்ல, உனக்கு லெஃப்டு வளைக்க வரல, அத்த ஒத்துக்கன்னு முப்பது பேரு எதிர்ல கத்திட்டேன். ரஷீது என் கைய புடிச்சு இஸ்துப் பாத்தான். கண்ணாடிய ஏத்திகினா.

ரெண்டாவது ஓட்டத்துல அவ அவளாவே இல்ல. எடது வளைவு வரதுக்கு முன்னாலயே பயந்து பயந்து பிரேக்க மிதிச்சா. ஐம்பத்தி மூணு புள்ளி ஒம்போது. வந்து நின்னதும் ஹெல்மெட்ட கழட்டி மடில வெச்சுகினா.

"எனக்குத்தான் வரல போலண்ணே. வேன் ஓட்றதோட நிறுத்திக்கறேன்."

சொல்லிட்டு கதவத் தொறந்து கீழ இறங்கினா. அவ இறங்கினதும் வண்டியோட வலது பக்கம் ஒரு விரல் அளவு மேல எழுந்துது.

டிரைவர் இறங்குன்னு நான் கத்தினது அப்பதான் ஞாபகம் வந்துது. பதினேழு வருஷமா ஒவ்வொரு லாரிக்காரன் கிட்டயும் கத்தின கத்து அது. டிரைவரோட எடை இரும்புல சேந்துடக் கூடாதுன்னு கீழ இறக்கிட்டுத்தான் சீட்டு போடுவேன். அதே வாயால இவளையும் இறக்கிட்டேன். ஆளே இல்லாத வண்டிய ரெண்டு பக்கமும் சமம் பண்ணி, கூத்தாடி, ஊரெல்லாம் போட்டோ காட்டிகீறேன். அறுபத்திரண்டு கிலோ பொம்பள வலது பக்கம் குந்தி ஓட்டப்போறான்றது என் மண்டைக்கு எட்டல. அவ இடுப்பு சரியா சொல்லிச்சு. பதினேழு வருஷ எடை மேடை, நான்தான் தப்பு.

மறைக்காம சொல்றேன், ஒரு நிமிஷம் பேசாம இருந்துடலாமான்னுகூட தோணிச்சு. யாருக்கும் தெரியாது. அவளே தன் மேல பழிய போட்டுகினா. அவ ஹெல்மெட்ட பையில போட்டு ஜிப்ப மூடுனா. அத்தப் பாத்ததும் எனக்கு அவமானமா பூட்ச்சு. ஓடிப்போயி அந்தப் பைய புடுங்கினேன்.

"தப்பு உன்து இல்ல, என்து. உன்ன இறக்கிட்டு எடை போட்டுட்டேன்மா. உன் கனம் அதுல இல்ல."

அவ என்னையே பாத்தா. திட்டுவான்னு நெனச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"அப்ப இந்த வண்டிய யாரு ஓட்டப்போறான்னு நெனச்சீங்கண்ணே?"

மன்னிச்சுக்கம்மான்னேன். முப்பது பேரு எதிர்ல கத்தினேன் இல்ல, அதே முப்பது பேரு எதிர்ல சத்தமா சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, கஷ்டமாத்தான் இருந்துது.

மூணாவது ஓட்டத்துக்கு இருவது நிமிஷம் இருந்துது. ரஷீது ஸ்பானரோட உள்ள பூந்தான். ஸ்டெப்னியும் ஜாக்கியும் வலது மூலைலேருந்து கழண்டு, மொதல்ல கெடந்த எடது மூலைக்கே திரும்பிப் போச்சு. வண்டி செஞ்சவன் சும்மா ஒண்ணும் அங்க வெக்கலன்னு அப்பதான் எனக்கு ஒறைச்சுது. பழைய ஓட்டையிலயே போல்ட்டு இறங்கிடுச்சு. அங்க தராசு இல்ல. விரலால பாக்க வேண்டியதுதான். ஜானட்டு பக்கத்துல வந்து நின்னு பாத்துகினு இருந்தா. நான் கதவத் தொறந்து புடிச்சேன்.

"குந்து ஜானட்டு. நீ குந்தினாத்தான் எடை."

டிரைவர குந்துன்னு நான் சொன்னது வாழ்க்கைலயே அதுதான் மொத தபா. அவ பெல்ட்ட போட்டுகினு குந்தினா. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவுல விரல உட்டுப் பாத்தேன். எடது பக்கம் மூணு விரலு. வலது பக்கமும் மூணு விரலு. எப்டி கீதுன்னு கேட்டேன். அவ கண்ண மூடிகினு ரெண்டு தபா ஆடிப் பாத்து, ஆங், இப்ப பசங்க சரியா குந்திகீறாங்கன்னு சொன்னா.

மூணாவது ஓட்டத்த நான் எப்டி சொல்றது. கொடி இறங்குச்சு. வலது வளைவு, முன்னப் போலவே ஷோக்கா. அடுத்தது எடது. சக்கரம் சொம்மா சுத்தல. தரைய கவ்விகினு வண்டி அப்படியே திரும்புச்சு. ஒரு சத்தம் இல்ல, புகை இல்ல. கோனு பக்கத்துல ஒரு சாண் இடைவெளில போறா, ஆனா ஒண்ணுகூட ஆடல. வேகமா போறான்னே தெரியல எங்களுக்கு. அதே மெத்துனு கை, வேன் ஓட்ற கை. கடைசி எடது வளைவுல என் பக்கத்துல நின்ன யாரோ ஒருத்தன், யாருப்பா இந்தம்மான்னு கேட்டான். எங்க ஏரியான்னு சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துட்ச்சு, துடைக்கவும் இல்ல.

ஐம்பத்தொண்ணு புள்ளி மூணு. கோன் ஒண்ணும் விழல.

ரஷீது என்ன தூக்கப் பாத்து முடியாம உட்டுட்டான். ஜானட்டு வண்டிய விட்டு இறங்கல. ஸ்டீரிங்குமேல நெத்திய வெச்சுகினு சிரிச்சா, அப்பால கொஞ்சம் அழுதா. அப்பால எண்ணூர் ஹைரோட்டுல, ஒரு தண்ணி லாரிக்குப் பின்னால, இருவது கிலோமீட்டர் வேகத்துல வூட்டுக்குப் போனா.

திங்கக்கெழமை காலைல ஏழு மணிக்கு வேன் வந்து நின்னுது. எழில்மொழிய ஏத்தி உட்டேன். பதினெட்டுப் பசங்களும் கேக்கற மாதிரி, டிரைவர் சீட்லேருந்து அவ கேட்டா.

"அண்ணே, நான் இறங்கணுமா, குந்தணுமா?"

குந்தும்மா, குந்துன்னு கைய காட்டிட்டு வேலைக்குக் கிளம்பிட்டேன்.