பளார்

கதாநாயகன் பெண்டாட்டியின் கன்னத்தில் விடுகிற அறை உண்மையில் விழுந்தது என் தொடையில். சினிமாவில் ஆள் நடந்தால், கதவைச் சாத்தினால், தம்ளரை வைத்தால் கேட்கிற சத்தத்தையெல்லாம் படம் பிடித்து முடித்த பிறகு ஸ்டுடியோவில் தனியாக உண்டாக்கிச் சேர்ப்பார்கள். பதினெட்டு வருஷமாக எனக்கு அதுதான் பிழைப்பு. மைக் முன்னால் உட்கார்ந்து என்னை நானே அறைந்துகொண்டேன். டைரக்டருக்குத் திருப்தியே வரவில்லை. தியேட்டரே கைதட்டணும்மா என்றார். ஏழாவது அடியில்தான் தலையாட்டினார். தொடை நாலு நாள் கன்றிப்போய்க் கிடந்தது.

கூத்து என்னவென்றால், அதே படத்தில் அவன் இன்னொருத்தியோடு சுற்றுகிறான். அதற்கு ஒரு பாட்டு, ஒரு அருவி, சிநேகிதர்களின் கிண்டல். பெண்டாட்டி பழைய சிநேகிதன் ஒருத்தனோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டாள். அதற்கு என் தொடை. எழுதினவன் விளங்குவானா!

படம் வந்ததும் மகளையும், அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையனையும் மதியக் காட்சிக்குக் கூட்டிப்போனேன். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. பத்திரிகைகூடக் கொடுத்து முடித்தாயிற்று. தங்கமான பையன் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். மகளை நடுவில் உட்காரவைத்து, அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். வரப்போகிற மாப்பிள்ளையிடம் என் வேலையைக் காட்டிப் பீற்றிக்கொள்ள ஆசை, வேறென்ன.

பாட்டு வந்தபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அறை விழுந்ததும் டைரக்டர் கேட்ட கைதட்டல் கிடைத்துவிட்டது. அதில் இவன் கையும் இருந்தது. விசில் வேறு. பிறகு மகளைத் தாண்டி என் பக்கம் குனிந்தான்.

"செமையா விழுந்துச்சு அத்தை. இப்படி ஒண்ணு விட்டாதான் இவளுங்களுக்குப் புத்தி வரும்."

இடைவேளை விட்டார்கள். அவன் காபி வாங்கப் போனான். மகள் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா சினிமான்னுதானேம்மா கைதட்டினாரு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. செத்துப்போன இவள் அப்பாவை உத்தமர் உத்தமர் என்றே சொல்லி அவளை வளர்த்தவள்தானே நான். இன்னொரு பொய்யா பெரிசு? ஆனால் வாய் வரவில்லை.

"உங்கப்பா என்னை அடிச்சது ஒரு நாளாவது உனக்குக் கேட்டிருக்கா?"

அவள் திரும்பினாள்.

"பக்கத்து ரூம்லதான் படுத்திருந்த. நிஜ அடிக்கு அவ்வளவுதான்டி சத்தம்."

அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை வருஷம் மூடி வைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டோமே என்று இருந்தது.

விளக்குகள் அணையத் தொடங்கின. அட்டைத் தட்டில் மூன்று காபியோடு அவன் வரிசைக்குள் நுழைந்தான். சாரி, சாரி என்று அவன் வரவர, ஒவ்வொருவராக முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். பழக்கதோஷம், நானும் ஒதுக்கினேன். மகள் ஒதுக்கவில்லை. முன்சீட்டில் முழங்கால் முட்ட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் வெளிச்சம் வந்தது. அவன் தட்டைப் பிடித்தபடி அவளுக்கு முன்னால் நின்றான். மறைக்குது, உட்காருய்யா என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.