மின்கம்பத்துக்கு மேலே மாநில அரசு

அந்த ஊரில், கேட்க ஆளில்லாத குழந்தைகள் தரையில் தங்குவதில்லை. மெல்ல மேலே போய்விடுவார்கள். மின்கம்பத்தின் உயரம் வரை அவர்கள் நகராட்சியின் பொறுப்பு. அதற்கு மேல், மேகம் வரை மாநில அரசு. மேகத்தைத் தாண்டிவிட்டால் மத்திய அரசு. அப்படிப் போனவர்கள் வேறு ஏதாவது மாநிலத்தில் மழையோடு இறங்குவார்கள், அங்கே நன்றாகவே வளர்வார்கள் என்று பேச்சு.

தையல்காரி லூர்துமேரி தனியாக வாழ்ந்தவள். பக்கத்து வீட்டு ஜெசிந்தாவுக்கு ஐந்து வயது. அப்பா கிடையாது. காய்ச்சலில் அம்மாவும் போன மறுவாரம், அவள் கால்கள் வாசற்படியை விட்டுக் கிளம்பின. லூர்துமேரி ஓடிப்போய் அவள் கணுக்காலில் ஒரு சேலையைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்தாள்.

"சித்தி, இங்கேருந்து கடல் தெரியுது."

"பாத்துட்டு இறங்கு. சோறு ஆறுது."

இறங்குவது அவள் கையில் இல்லை. சேலை விறைத்தது. லூர்துமேரி இன்னொரு சேலையை முடிந்துவிட்டு நகராட்சிக்கு ஓடினாள். பிள்ளையைத் தானே வளர்ப்பதாகச் சொன்னாள். அங்கிருந்த அதிகாரி நல்ல பெண். உடனே கூடவே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"கரண்டு கம்பியைத் தாண்டிட்டாளே அக்கா. காலையில சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன்."

மாநில அதிகாரி குணாளன் ஏணி வண்டியில் வந்தார். மேலே ஏறிக் குழந்தைக்கு அவித்த முட்டை கொடுத்தார், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கீழே குனிந்து சொன்னார்:

"பாப்பாவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கும்மா. ஆனா எங்க உயரத்துல குடியிருக்கிறவங்ககிட்டதான் நாங்க ஒப்படைக்க முடியும்."

"மேகம் எப்ப சார் வரும்?"

"சாயங்காலம் வந்துரும்."

லூர்துமேரி சேலையைப் பிடித்தபடி நின்றாள். 'சாப்பிட்டாயா' என்று தன்னிடம் கடைசியாகக் கேட்டது யார் என்று யோசித்தாள். ஜெசிந்தாவின் அம்மாதான். அவளுக்குப் பிறகு யாருமில்லை. இதை நினைத்து முடித்தபோது செருப்புகள் தரையில் கிடந்தன, அவள் அவற்றுக்கு மேலே இருந்தாள்.

சேலையைப் பற்றிப் பற்றி மேலே போனாள். காக்கைகள் விலகின. குணாளன் ஏணியில் ஒதுங்கி வழிவிட்டார். அவள் எட்டிப் பிடித்தபோது ஜெசிந்தாவின் தலைமுடி மேகத்தில் நனைந்திருந்தது.

"குடியிருப்பு சரியா இருக்கு," என்று சொல்லிக் குணாளன் குழந்தையை ஒப்படைத்தார்.

ஜெசிந்தா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சாப்பிட்டியா சித்தி?"

"இன்னும் இல்லடி."

இருவரும் இறங்கத் தொடங்கினார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் கால் பட்டது. ஆறிய சோற்றில் ரசம் ஊற்றி, மாறி மாறி ஊட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் விடிந்தபோது, கேட்க ஆள் கிடைத்த கனத்தில், இருவரின் கால்களும் கணுக்கால் வரை தரைக்குள் போயிருந்தன. நிலத்தடி நீர்த் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். முழங்கால் வரை நகராட்சியே பார்த்துக்கொள்ளும், அதற்குக் கீழே போனால் தங்களுக்குச் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

"அதுவரைக்கும் ஸ்கூலுக்குப் போலாமா?" என்றாள் ஜெசிந்தா.

"போலாம் பாப்பா. மெதுவா நடக்கணும், அவ்வளவுதான்."