வலது பக்க நட்சத்திரம்

கர்னல் என்று எல்லோரும் கூப்பிடுகிறார்களே தவிர, அந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு துப்பாக்கியைக்கூடத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அணிவகுப்புக்கு ஆள் எடுத்தபோது, இடது கால் எது வலது கால் எது என்று குழம்பி, முதல் நாளே ஓரங்கட்டப்பட்டவர். அதற்கப்புறம் முப்பத்துநாலு வருஷம் குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் ஆவண அறையில் உட்கார்ந்து பழைய மனுக்களைப் பாதுகாத்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஒரே எதிரி கரையான். அதிலும் பெரும்பாலும் ஜெயித்தது கரையான்தான்.

கர்னல் பட்டம் ஆபீஸில் வைத்தது. காரணம் அவருடைய பைத்தியம். பழைய சோவியத் ராணுவப் பதக்கங்களை வாங்குவார், விற்பார், விற்ற கை காய்வதற்குள் இன்னொன்றை வாங்குவார். இருபது வருஷத்தில் அறுபத்தொரு பதக்கம் சேர்ந்துவிட்டது. வீட்டின் முன்னறை முழுக்க அதுகளுக்குத்தான். கண்ணாடி அலமாரி என்ன, அதற்குள் தனியாக விளக்கு என்ன, ராஜ உபசாரம்!

வீட்டில் நிஜமாக வேலை பார்க்கிற மெஷின் ஒன்று இருந்தது. அது சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. கர்னலின் மனைவி தையல்காரி. தெருவே அவரைத் தையலம்மா என்றுதான் கூப்பிடும். "தையல் எல்லாம் அருமைதான், ஆனா புதுத்துணியில வெங்காய வாசனை அடிக்குதே" என்று வருகிறவர்கள் முகர்ந்து பார்த்துச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், நாலு வருஷத்துக்கு முன்னால் தையலம்மா ஒரு நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்க. நீங்க ரிட்டயர் ஆகுற அன்னைக்கு அந்தத் தகரமெல்லாம் வெளிய போயிடணும். முன்ரூம் எனக்கு. சரியா?"

"சரி" என்றார் கர்னல். ரிட்டயர்மென்ட் அப்போது கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. சரி என்பதற்கு என்ன கேடு?

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். ஒன்றொன்றாக அறுபது போயிற்று. மிஞ்சியது செந்நட்சத்திரம் மட்டும். வெள்ளியில் செய்தது; ஐந்து முனையிலும் கருஞ்சிவப்பு எனாமல்; நடுவில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நிற்பான். அதை வாங்கிக்கொள்ள, இதே பதக்கப் பைத்தியம் பிடித்த ஒரு பல் டாக்டர் ஆறு மாசமாக நடையாய் நடந்தார். கர்னலும் சளைக்காமல் சாக்குச் சொன்னார். மழை என்றார், சளி என்றார், வைத்துக் கொடுக்க நல்ல பெட்டி அமையவில்லை என்றார். அந்த ஒற்றை நட்சத்திரத்துக்காக அலமாரி நின்றது. அலமாரிக்காக அறை நின்றது. தையலம்மா வெங்காயத்தோடு நின்றார். கடைசியில் அவரே டாக்டருக்குப் போன் போட்டு, ரிட்டயர்மென்ட் அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி என்று நேரம் குறித்துவிட்டார்.

அன்று காலையில்தான் கூத்து நடந்தது.

பிரிவுபசார விழாவுக்கென்று தையலம்மா தன் கையாலேயே ஒரு கோட்டு தைத்திருந்தார். சாம்பல் நிறம், கச்சிதமான தோள். கர்னல் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். கோட்டு பிரமாதம், உள்ளே இருந்த ஆள்தான் சுமார். என்னவோ குறைகிறதே என்று பட்டது. திரும்பி அலமாரியைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

பதக்கம் வாங்க வருகிறவர்களுக்கு அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: தேய்த்து மெருகேற்றாதீர்கள், ஆசைப்பட்டு மாட்டிப் பார்க்காதீர்கள், திருகை இறுக்காதீர்கள். செந்நட்சத்திரத்துக்கு ஊசி கிடையாது. பின்னால் ஒரு தண்டு இருக்கும். துணியில் ஓட்டை போட்டு அதை நுழைத்து, உள்பக்கம் தோட்டுக்குத் திருகாணி போடுகிற மாதிரி முடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த புண்ணியவான், மூன்று விதிகளில் இரண்டை ஒரே நிமிஷத்தில் மீறினார். மனைவியின் குத்தூசியை எடுத்து, மனைவி தைத்த கோட்டில், வலது மார்பில் குத்தினார். வலதில் மட்டும் ஆள் படு கறார். செந்நட்சத்திரத்தை இடது பக்கம் மாட்டுகிறவன் மடையன் என்று எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்! வாழ்க்கையில் இடது வலது குழம்பாத ஒரே விஷயம் அதுதான்.

"என்னங்க, வண்டி வந்தாச்சு!"

"ஒரே நிமிஷம்!"

திருகாணியைக் கழற்றப் பார்த்தார். அசையவில்லை. கோட்டு விறைப்பாக நிற்க உள்ளே வைத்துத் தைத்த கான்வாஸ் துணியின் நூல் திருகில் சுற்றிக்கொண்டுவிட்டது. பலமாக இழுத்தால் எனாமல் தெறிக்கும். வெட்டினால் கோட்டு போய்விடும், கோட்டு போனால் அவரும் போய்விடுவார். கைக்குட்டையை விரித்து மேலே வைத்து, அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"எதுக்குக் கையை அங்கயே வச்சிருக்கீங்க?"

"சும்மாதான்."

விழாவிலும் கை இறங்கவில்லை. மேனேஜர் அவரைப் பற்றி நாலு வாக்கியம் பேசினார், அதில் இரண்டு வேறு யாரையோ பற்றியது. நடுவில் திடுக்கிட்டு, "என்ன கர்னல், நெஞ்சு வலியா?" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஓடினார்கள். நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது, யாரோ சட்டைப் பொத்தானைக் கழற்ற வந்தார்கள். லிஃப்ட்காரர் மட்டும் நிதானமாக எட்டிப் பார்த்தார்.

"நெஞ்சு அந்தப் பக்கம்ல இருக்கும்? இது வாயுவா இருக்கும் சார். தண்ணி குடுங்க."

தண்ணீரை வாங்கக் கையை எடுத்தார். கைக்குட்டை விழுந்தது. சிவப்பு நட்சத்திரம் பளிச்சென்று எல்லோரையும் பார்த்தது. ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, பிறகு ஏதோ பெரிய விஷயம்போல என்று கைதட்டினார்கள். முதல் வரிசையில் இருந்த தையலம்மா மட்டும் கைதட்டவில்லை. அவர் நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்தார்.

"இது எதுக்கு சார் குடுத்தது?" என்றார் லிஃப்ட்காரர்.

கர்னலுக்கு வாய் சும்மா இருக்காதே. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய கதையை எடுத்துவிட்டார். "குண்டு மழை பொழியுது. ஆறு அப்படியே பனியா உறைஞ்சு கிடக்கு. ஒரே ஒரு சிப்பாய், தன்னந்தனியா நீந்திப் போயி..."

"உறைஞ்ச ஆத்துல எப்படி சார் நீந்துறது?"

இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்காத கேள்வி. "கொஞ்சம் உருகியிருந்துச்சு" என்றார் கர்னல். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக ஒரு பயணப் பையைப் பரிசாகக் கொடுத்தார்கள். எங்கேயுமே போகாத மனுஷனுக்கு!

நாலு மணிக்கு க்ளினிக். வழியெல்லாம் தையலம்மா கோட்டில் நட்சத்திரம் குத்திய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, கர்னலைப் பல் பிடுங்குகிற நாற்காலியில் சாய்த்தார்.

"கோட்டைக் கழட்டாதீங்க சார். துணி இழுத்து நின்னாத்தான் நூல் கண்ணுக்குத் தெரியும்."

விளக்கு முகத்துக்கு நேரே எரிந்தது. பல்லின் பின்பக்கம் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கோட்டுக்குள் நுழைத்தார் டாக்டர். அந்த வெளிச்சத்தில் படுத்துக்கொண்டு பொய்யை வைத்திருக்க முடியவில்லை கர்னலுக்கு.

"டாக்டர், ஒரு விஷயம். ஆறு, பனி, நீச்சல் எல்லாம் சுத்தப் புளுகு. பின்னால இருக்குற நம்பரை எழுதிப்போட்டு விசாரிச்சேன். ஏழு வருஷமா எனக்குத் தெரியும். போர் முடிஞ்ச பிறகு குடுத்தது இது. அப்ப அங்க பதினஞ்சு வருஷம் ஒழுங்கா பணியில இருந்தாலே இதைக் குடுத்திருக்காங்க. இந்த ஆள் ஒண்ணுமே பண்ணல. வேலைக்குப் போனான், வந்தான். அவ்வளவுதான்."

டாக்டர் தலையை நிமிர்த்தவே இல்லை. "நம்பரை நீங்கதானே சார் குடுத்தீங்க? போன மாசமே பார்த்துட்டேன். ஆத்துல நீந்துனவங்க என்கிட்ட நாலு பேர் இருக்காங்க. ஒழுங்கா வேலைக்குப் போனவன்தான் ஒருத்தன்கூட இல்ல."

மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தையலம்மா, விழாவுக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"பதினஞ்சு வருஷம் வேலைக்குப் போனதுக்கா இது? நீங்க முப்பத்துநாலு போனீங்களே."

"எனக்குத்தான் பை குடுத்தாங்களே" என்றார் கர்னல். தமாஷாகச் சொல்லத்தான் நினைத்தார். குரல் பாதியில் கவிழ்ந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் ஏன் ஏழு வருஷமாக விற்க மனசு வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. அறுபத்தொன்றில், தனக்கும் கிடைத்திருக்கக்கூடியது இது ஒன்றுதான்.

டாக்டர் இடுக்கியைத் திருகாணியில் மாட்டினார். இருபத்தைந்து வருஷப் பழக்கம், தன்னையறியாமல் சொன்னார்: "வலிச்சா கையைத் தூக்குங்க."

கர்னல் கையைத் தூக்கினார்.

டாக்டர் இடுக்கியை எடுத்துவிட்டார். "சார்... நான் உங்களைத் தொடவே இல்லையே?"

தூக்கிய கை அப்படியே நின்றது. ஒரு தகரத் துண்டுக்காக இப்படி அழுகிறோமே என்று கர்னலுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அழுதார். தையலம்மா எழுந்து வந்தார். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இறக்கிய பிறகும் விடவில்லை.

"எடுங்க டாக்டர்" என்றார்.

நூல் அறுந்தது, திருகாணி சுழன்றது. நட்சத்திரம் ஒரு கீறல் இல்லாமல் கழன்று வந்தது. டாக்டர் அதைப் பிடுங்கிய பல்லைப்போலப் பஞ்சின் மேல் வைத்தார்.

அடுத்த நாளே மெஷின் முன்னறைக்கு வந்துவிட்டது. கண்ணாடி அலமாரியில் இப்போது நூல்கண்டுகள், அதே விளக்கு வெளிச்சத்தில். கர்னலுக்குப் பொத்தான் தைக்கிற உத்தியோகம் கிடைத்தது. ஆண்கள் சட்டைக்கு வலது பக்கம், பெண்களுக்கு இடது பக்கம் என்று தினமும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரத்தில் மூன்று சட்டையைப் பிரித்துத் தைத்தாயிற்று.

சாம்பல் கோட்டு சுவரில் ஆணியில் தொங்குகிறது. துணி தைக்கக் கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மா அதை உற்றுப் பார்த்தார்.

"என்ன தையலம்மா, உங்க வீட்டுக் கோட்டுலயே ஓட்டையா?"

"அது இவருக்கு நட்சத்திரம் குத்தியிருந்த இடம்."

"அப்படியா! எதுக்கு?"

ஆறு, பனி என்று ஆரம்பிக்க வாயைத் திறந்த கர்னல், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"ஒழுங்கா வேலைக்குப் போனதுக்கு" என்றார் தையலம்மா, மெஷினை நிறுத்தாமல். "முப்பத்துநாலு வருஷம்."

"அதுக்கெல்லாம் யாராவது குடுப்பாங்களா?"

"குடுக்கல. அதான் வெறும் ஓட்டை. நான்தான் தைக்காம விட்டு வச்சிருக்கேன்."